டவுசர், கால்சட்டை, களிசான்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், 'டவுசர் என்பதற்கு நல்ல தமிழ் என்ன?' என்று கேட்டிருந்த அன்பர் ஒருவருக்குக் 'கால்சட்டை' என்று ஒற்றைச் சொல்லில் விடை எழுதியிருந்தேன். அந்த விடை போதாது என்பதைக் காரைக்குடி வட்டாரத்து ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் எனக்கு உணர்த்தின. நாள்தோறும் கொடியில் காயும் ஒரு துணிக்கு இத்தனை பெயர்கள் நம் வீடுகளில் வழங்கியிருக்கின்றன என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஆங்கிலத்தில் 'டிரவுசர்ஸ்' என்றால் கணுக்கால் வரை நீளும் உடை. நம் ஊரில் 'டவுசர்' என்றால் முழங்காலுக்கு மேல் நின்றுவிடுகிறது. இதில் யார் செய்த தவறு என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?
(பள்ளி ஆசிரியர், காரைக்குடி)

பதில்: ஒருவரும் தவறு செய்யவில்லை என்று சொல்லுங்கள். 'டிரவுசர்ஸ்' என்பதே ஆங்கிலத்துக்கு இரவலாக வந்த சொல். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் வழங்கிய கெய்லிக் மொழியில் காலோடு ஒட்டிய உடை ஒன்றுக்கு இருந்த பெயரை ஆங்கிலேயர் எடுத்துத் தம் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டனர். அது நம்மிடம் வந்தபோது டகரத்தை ஒட்டியிருந்த ரகரம் உதிர்ந்தது. இரண்டு கால்கள் இருப்பதால் அங்கே பன்மையிலேயே வழங்கிய சொல் இங்கே ஒருமையாயிற்று. ஆங்கிலேயர் அதனை இணையாக எண்ணுவார்கள்; நம் வீட்டு அம்மாக்கள் 'ஒரு டவுசர்' என்றுதான் எண்ணுவார்கள். டகரம் தமிழில் சொல்லுக்கு முதலாக வாராது என்பது இலக்கணமாதலால், அச்சொல் தன் முதல் எழுத்திலேயே தான் வெளியூர் என்று சொல்லிக்கொண்டுதான் நிற்கிறது. ஆனால் அது இன்று தரும் பொருள் முழுவதும் நாம் கொடுத்தது.

நீளம் குறைந்ததற்கு நான் காணும் காரணம் இது. வெள்ளைக்காரர் ஆட்சியில் நம் மக்கள் மிகுதியாகக் கண்ட தைத்த கீழுடை, காவலர் அணிந்த காக்கி அரைக்கால் சட்டையும், பள்ளிப் பிள்ளைகள் அணிந்த அரைக்கால் சட்டையுமே ஆகும். 'அரை டவுசர்' என்று இன்றும் சிலர் சொல்வதைக் கேட்கிறோம். அரையாக இருந்ததையே எங்கும் கண்டபோது 'அரை' என்னும் அடைமொழிக்குத் தேவையில்லாமல் போயிற்று. பின்னர் நீண்ட உடை பரவியபோது அது 'பேண்ட்' என்னும் வேறு பெயரோடு வந்து, காலியாகக் கிடந்த இடத்தில் அமர்ந்துகொண்டது. இதில் இன்னொன்றையும் உங்கள் மாணவர்களுக்குச் சொல்லலாம். இங்கிலாந்தில் 'பேண்ட்ஸ்' என்றால் உள்ளாடை. நமக்கு அது மேலே தெரிய உடுத்தும் நீண்ட உடை. 'டிராயர்' என்பதும் அங்கே உள்ளாடைதான். 'இழுத்துப் போட்டுக்கொள்வது' என்பதே அதன் அடிப்பொருள். நம் பெரியவர்களுக்கோ டிராயரும் டவுசரும் ஒன்றே. மூன்று சொற்களும் இங்கே வந்து தத்தம் இடத்தை மாற்றிக்கொண்டிருக்கின்றன.

பேண்டின் பிறப்பு வணிகர் நிறைந்த நம் ஊருக்குப் பொருத்தமான செய்தி. இத்தாலிய நாடகங்களில் 16ஆம் நூற்றாண்டு முதல் 'பந்தலோனே' என்றொரு பாத்திரம் உண்டு. வெனிஸ் நகரத்துச் செல்வ வணிகர், முதியவர், பணத்தில் இறுக்கமானவர். அவர் அணிந்த காலுடையிலிருந்து 'பேண்டலூன்' வந்தது. அது அமெரிக்காவில் 'பேண்ட்ஸ்' என்று சுருங்கியது. ஆக, வணிகர் ஒருவரின் பெயர்தான் நம் கொடியில் தொங்குகிறது.

ஆனால் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைவிட முக்கியமானது வேறு ஒன்று. டவுசர் என்பது தமிழில் ஒரு வயதின் பெயர். நான் படித்த பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை டவுசர். ஒன்பதாம் வகுப்பில்தான் பேண்ட். தீபாவளிக்கு முன் தையற்காரர் வீட்டு முகப்புக்கே வந்து அமர்ந்து, ஒரே துணியில், வளவு என்னும் எங்கள் கூட்டு வீட்டிலிருந்த பையன்கள் எல்லோருக்கும் அளவெடுப்பார். 'வளருகிற பிள்ளை, இரண்டு விரல் கூட்டியே வையுங்கள்' என்று அப்பத்தா சொல்லுவார்கள். அந்த இரண்டு விரல் துணி உள்ளே மடிந்து கிடந்து, மறுதீபாவளிக்குப் பிரித்துவிடப்படும். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுக்காத கோடு ஒன்று தெரியும். 'டவுசர் போட்ட காலத்திலிருந்தே அவனை எனக்குத் தெரியும்' என்று இன்றைக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். அந்த வாக்கியத்தில் 'டிரவுசர்ஸ்' என்று திருத்தி எழுதினால் பொருளே போய்விடும்.

கேள்வி: எங்கள் ஐயா கொழும்பில் கொண்டுவிற்க (கடல் கடந்து தொழில் செய்ய)ப் போயிருந்தவர்கள். அவர்கள் கையால் எழுதிய கணக்குச் சிட்டை ஒன்றில், ஊருக்கு அனுப்பிய சாமான்களுக்கு நடுவே 'பிள்ளைகளுக்குக் களிசான் 4' என்று இருக்கிறது. களிசான் என்பது என்ன?
(தேவகோட்டை வாசகர்)

கேள்வி: என் அப்பச்சி மலாயாவிலிருந்து வந்த பிறகும் பேண்டைச் 'சிலுவார்' என்றே சொல்வார்கள். நாங்கள் சிறு வயதில் அதைக் கேட்டுச் சிரிப்போம். அவர்கள் தாமாக உண்டாக்கிக்கொண்ட சொல்லா?
(ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான்)

பதில்: இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே கதையின் இரண்டு துறைமுகங்கள்.

களிசான் இலங்கைத் தமிழில் நன்கு வழங்கிய சொல். கால்சட்டை என்பதே பொருள். 1505ஆம் ஆண்டு இலங்கைக் கரையில் இறங்கி 1658 வரை அங்கே ஆதிக்கம் செலுத்திய போர்ச்சுக்கீசியர் விட்டுச்சென்ற 'கல்சாவ்ங்' என்னும் சொல்லின் தமிழ் வடிவம் அது. சிங்களத்திலும் அதே சொல் 'கலிசம' என்று வழங்குகிறது. நம் சட்டையில் தைத்திருக்கும் பொத்தானும் போர்ச்சுக்கீசியர் கொடுத்த பெயரே என்பதால், அவர்கள் மொழி நம் உடம்பில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் சொல்லின் வேரைத் தேடிப் போனால் இலத்தீன் மொழியில் குதிகாலைக் குறிக்கும் சொல்லில் போய் நிற்கிறோம். குதிகாலிலிருந்து காலணி, காலணியிலிருந்து நீண்ட காலுறை, காலுறையிலிருந்து இடுப்பு வரை ஏறிய உடை என்று, அச்சொல் கீழிருந்து மேலே படிப்படியாக ஏறியிருக்கிறது. நம் 'கால்சட்டை' இதற்கு நேர்மாறு என்பதைப் பின்வரும் பதிலில் காண்பீர்கள்.

ஆச்சி அவர்களே, உங்கள் அப்பச்சி சொன்னதில் பிழை ஏதும் இல்லை. மலாய் மொழியில் கால்சட்டைக்கு 'செலுவார்' என்றே பெயர். மலேசியத் தமிழர் அதைச் 'சிலுவார்' என்கிறார்கள். அந்த மலாய்ச் சொல் பாரசீகத்தின் 'ஷல்வார்' என்பதிலிருந்து வந்தது. இன்று காரைக்குடிக் கடைத்தெருவில் உங்கள் பேத்திகள் வாங்குகிற சல்வாரும் அதே பாரசீகச் சொல்தான். ஒன்று வடநாட்டு வழியாகத் தரைமார்க்கமாக வந்தது; மற்றொன்று பினாங்கிலும் ஈப்போவிலும் கிட்டங்கியில் (தங்கித் தொழில் செய்த இடத்தில்) இருந்தவர்களின் நாவில் ஏறிக் கப்பலில் வந்தது. ஒரே சொல்லை அப்பச்சி ஒரு வடிவத்திலும் பேத்தி வேறு வடிவத்திலும் ஒரே வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் சிறு வயதில் சிரித்ததை நினைத்து வருந்த வேண்டாம். பேத்திகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

கடல் கடந்த கடைகளுக்குக் கடைநிலைப் பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாகித் திரும்பியவர்கள் பெரும்பாலும் வேட்டியிலேயே போனார்கள், வேட்டியிலேயே வந்தார்கள். ஆனால் அவர்கள் பிறருக்கு விற்றதும், பிள்ளைகளுக்கு வாங்கியதும், கடிதத்தில் எழுதியதும் அந்தந்த ஊர்ச் சொற்களோடு நம் வளவுகளுக்குள் நுழைந்தன. பர்மா போனவர்கள் வீட்டில் லுங்கியும், கொழும்பு போனவர்கள் வீட்டில் சாரமும் பேச்சில் இருந்தன. சாரம் என்பது மலாய் மொழியின் 'சாரோங்'. அதற்கு அங்கே உறை என்று பொருள். கத்திக்கு உறை இருப்பதுபோல உடம்புக்கு ஓர் உறை. ஒருவர் எந்தக் கரையில் தொழில் செய்தார் என்பதை அவர் வீட்டுத் துணிப் பெயர்களைக் கொண்டே ஓரளவு சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தேவகோட்டை அன்பர் அந்தச் சிட்டையைக் கரையான் அரிக்காமல் காக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். கணக்குக்காக எழுதப்பட்டதில்தான் அன்றாடச் சொற்கள் திருத்தப்படாமல் கிடக்கின்றன.

பழைய தமிழ் இதழ்களில் காணும் 'நிஜார்' இவற்றின் உறவினர் அல்லர். அது அரபியின் 'இஸார்' என்பதிலிருந்து உருதுவின் வழியே வந்தது. அரபு மொழியில் இஸார் என்பது தைக்காமல் இடுப்பில் சுற்றும் துணி, ஏறக்குறைய நம் வேட்டி போன்றது. மக்கா செல்லும் ஆண்கள் இன்றும் அதையே உடுத்துகிறார்கள். பாரசீகத்திலும் உருதுவிலும் அது தைத்த உடையைக் குறிக்கலாயிற்று. நம்மிடம் வந்து சேர்ந்தபோது அது கால்சட்டையாகவே வந்தது.

கேள்வி: சங்க இலக்கியத்தில் கால்சட்டைக்குச் சொல் உண்டா? இல்லையென்றால் 'கால்சட்டை' என்பது எப்போது, எப்படி உண்டானது?
(கல்லூரி மாணவி, பள்ளத்தூர்)

பதில்: சங்க இலக்கியத்தில் உடைக்கு வழங்கும் சொற்கள் பெரும்பாலும் தைக்காத துணியைப் பற்றியவை. 'அறுவை' என்பது அறுக்கப்பட்டது. அதை விற்ற மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் புலவரின் பெயரிலேயே அத்தொழில் இருக்கிறது. 'துணி' என்பதும் துணிக்கப்பட்டது. 'கூறை' கூறு செய்யப்பட்டது. 'துண்டு' சொல்லாமலே விளங்கும். 'வேட்டி' என்பதையும் வெட்டு என்பதோடு சேர்த்துக் காண்பார் உண்டு. தறியிலிருந்து வெட்டி எடுத்தவுடனேயே நம் உடை முடிந்துவிட்டது. அதற்குமேல் அதற்கு ஊசி வேண்டியிருக்கவில்லை.

தைத்த உடை அயலாரின் அடையாளமாகவே முதலில் தென்படுகிறது. முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனர் என்னும் மேலைநாட்டாரை 'மெய்ப்பை புக்க' அச்சம் தரும் தோற்றத்தினர் என்று காட்டுகிறது பாட்டு. மெய்ப்பை என்றால் உடம்புக்கு ஒரு பை, அதாவது சட்டை. தைத்த ஆடையை முதன்முதலாகப் பார்க்கும் கண் அதை எப்படிப் பெயரிடும் என்பதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியாது. 'புக்க' என்னும் வினையையும் கவனியுங்கள். உடுத்த என்று சொல்லவில்லை, உள்ளே நுழைந்த என்கிறது. இன்றும் வேட்டியைக் கட்டுகிறோம், சேலையை உடுத்துகிறோம், டவுசரைப் போடுகிறோம் அல்லது மாட்டுகிறோம்.

வீரர் முழங்கால் வரை கட்டிய உடைக்கு 'வட்டுடை' என்று பெயர்; சீவக சிந்தாமணியில் அச்சொல் வருகிறது. ஆனால் அது சுற்றிக் கட்டுவது. தைத்த குறுங்கால் உடைக்கு நம்மிடையே வழங்கிய பழைய பெயர் 'சல்லடம்'. மல்லர் அணிந்தது, தென்மாவட்டங்களில் சாமியாடிகள் கச்சையோடு இன்றும் அணிவது. கன்னடத்தில் 'சல்லண' என்று இதற்கு இணையான சொல் இருக்கிறது. நம் பக்கத்தில் கருப்பர் கோயில் படையலுக்குப் போகிறவர்கள் பெரியவர்களிடம் இச்சொல்லைக் கேட்டுப் பாருங்கள்.

இனி, 'கால்சட்டை'. சட்டை என்பது மேலுடம்பை மூடுவது. பாம்பு உரிப்பதும் சட்டை. சீகாழிக் கோயிலில் தோலைச் சட்டையாகப் போர்த்தவராகக் கருதப்படும் இறைவர் சட்டைநாதர். சித்தர்களில் ஒருவர் சட்டைமுனி. உடம்பையே உயிரின் சட்டை என்று சொல்லும் வழக்கும் உண்டு. இப்படித் தோளிலிருந்து தொங்கிய ஒரு பெயரை நம் மக்கள் காலுக்கு இறக்கி, 'காலுக்குப் போடும் சட்டை' என்று பெயரிட்டனர். போர்ச்சுக்கீசியரின் சொல் குதிகாலிலிருந்து ஏறியது என்றேன்; நம் சொல் தோளிலிருந்து இறங்கியது. பாரசீகர் 'பாய்' என்னும் காலையும் 'ஜாமா' என்னும் ஆடையையும் சேர்த்துப் 'பாய்ஜாமா' என்று அமைத்ததும் இதே முறையில்தான். நாம் பைஜாமா என்று சொல்லும்போதெல்லாம், நம்மை அறியாமலே கால்சட்டை என்று பாரசீகத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: அரைக்கால் என்றால் கணக்கில் 1/8 அல்லவா? அப்படியானால் அரைக்கால் சட்டை என்பது எட்டில் ஒரு பங்குச் சட்டையா?
(ஓய்வுபெற்ற கணக்கர், கோட்டையூர்)

பதில்: பேரேடும் ஐந்தொகையும் எழுதிய கைக்குத்தான் இந்த ஐயம் எழும். கால் என்பது 1/4, அதில் அரை 1/8, ஆகவே அரைக்கால் 1/8 என்பது சரியே. மாகாணி 1/16, அரைக்கால் 1/8 என்று வாய்ப்பாடு சொன்ன தலைமுறை நீங்கள். ஆனால் அரைக்கால் சட்டையில் வரும் கால் உறுப்பு. அரை அதன் பாதி நீளம். 'முழுக்கால் சட்டை'யிலும் அப்படியே. முழங்காலுக்குக் கீழே நிற்கும் உடையை இக்காலப் பிள்ளைகள் 'முக்கால் பேண்ட்' என்கிறார்களே, அதில் வரும் கால்தான் உங்கள் பேரேட்டுக் கால், மூன்று கால் சேர்ந்த முக்கால். வடமொழியிலும் 'பாதம்' என்பது அடியையும் நான்கில் ஒன்றையும் குறிக்கிறது.

அரையும் இரட்டைப் பொருள் உடையது. அரைஞாண், அரைக்கச்சை என்பவற்றில் அது இடுப்பு. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் மதுரையில் மேற்கொண்ட எளிய உடையை 'அரையாடை' என்கிறோம். அது இடுப்பில் கட்டியது என்றும் கொள்ளலாம், பாதி உடை என்றும் கொள்ளலாம். இரண்டுமே அங்கே உண்மையாகிவிடுகின்றன. தமிழ் தவிர்த்த வேறு மொழியில் அந்த ஒரு சொல்லால் அவ்வளவும் சொல்ல முடியுமா என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

கேள்வி: 'டவுசர் கிழிந்தது' என்றெல்லாம் பையன்கள் பேசுவது காதில் விழக் கூசுகிறது. இந்த ஒரு உடைக்கு மட்டும் ஏன் இப்படி இழிவான பேச்சு?
(கண்டனூர் வாசகி)

பதில்: தங்கள் கூச்சம் புரிகிறது. ஒருவருடைய வீறாப்பு வெளிப்பட்டுத் தோற்றுப்போனார் என்பதையே பிள்ளைகள் அப்படிச் சொல்கிறார்கள். பெரியவர்கள் முன்னே சொல்லத்தக்கதல்ல என்பதில் எனக்கும் உடன்பாடே.

ஆனால் தாங்கள் தொட்ட இடம் ஆழமானது. கட்டுகிற உடை தந்த வழக்குகளைப் பாருங்கள்: கச்சை கட்டிக்கொண்டு நின்றான், வரிந்துகட்டிக்கொண்டு வந்தான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். எல்லாம் துணிவையும் முனைப்பையும் சொல்வன. தைத்த உடையான டவுசர் தந்தவையோ சிறுபிள்ளைத்தனத்தையும் மானக்கேட்டையும் சொல்வன. நூற்றாண்டுகளாக நம் இடுப்பில் இருந்த துணிக்கு, செயலுக்கு முன் இறுக்கிக் கட்டும் அனுபவம் சேர்ந்திருந்தது. அதுவே மொழியில் வீரமாக நின்றது. டவுசருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அது பையனுடைய உடையாகவும், பெரியவர்களுக்கு வேட்டிக்குள் மறைந்த உடையாகவும் இருந்தது. மறைந்திருப்பது வெளியே தெரிந்தால் நாணம் வருவது இயல்பு.

அந்த மறைந்த உடைக்கும் ஒரு நல்ல பெயர் உண்டு: 'பட்டாபட்டி'. பட்டை பட்டையாகக் கோடு போட்ட துணியில், நாடா கோத்து, தொடைக்குக் கீழ்வரை தொளதொளவென்று தைத்தது. சந்தைக்கு வரும் விவசாயி வேட்டியைச் சற்றே விலக்கி, பட்டாபட்டியின் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிக் கொடுப்பதை நம் ஊர்ச் சந்தைகளில் நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். மாட்டுக்கும் விதைக்கும் கொடுக்கும் காசு பத்திரமாக இருந்த இடம் அது. அதை இழிவென்று எண்ண எனக்கு மனம் வருவதில்லை.

கேள்வி: கடைக்குப் புதுப் பலகை எழுதப் போகிறேன். 'கால்சட்டை' என்று எழுதுவதா, 'காற்சட்டை' என்று எழுதுவதா? அல்லது 'டவுசர்' என்றே எழுதிவிடலாமா?
(தையற்காரர், புதுவயல்)

பதில்: காலுக்கு உரிய சட்டை என்று வேற்றுமைப் பொருளில் சேரும்போது, லகரத்தின் முன் வல்லினம் வந்தால் லகரம் றகரமாகும் என்பது நன்னூல் விதி. காற்சிலம்பு என்பது போலக் காற்சட்டை என்பதே இலக்கணம். இலங்கையில் அப்படியே எழுதுகிறார்கள். நம் பக்கத்தில் கால்பந்து, கால்கட்டு என்று பிரித்து எழுதும் பழக்கம் வேரூன்றிவிட்டதால் 'கால்சட்டை' என்பதை யாரும் பிழையாகக் கொள்ள மாட்டார்கள்.

ஆனால் வெறுமனே கால்சட்டை என்று எழுதினால், அரையா முழுதா என்று வருகிறவர்கள் கேட்பார்கள். 'அரைக்கால் சட்டை, முழுக்கால் சட்டை' என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். கீழே, இடம் இருந்தால், 'பள்ளிப் பிள்ளைகளுக்கு டவுசர் தைத்துத் தரப்படும்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாக்கள் அந்த வரியைப் பார்த்துத்தான் உள்ளே வருவார்கள். கீழ் மடிப்பில் இரண்டு விரல் துணி விட்டுத் தைப்பதை மறந்துவிடாதீர்கள்.